‘டென்’னுக்குள் ஒரு அம்மாவும் மகளும்

1947-ல் நம்ம சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எம்.ஜி.ஆர். நடிச்ச ‘ராஜகுமாரி’ தயாராச்சு. அதே வருஷம்தான் ஹாலிவுட், கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டவங்களுக்கு இனி வேலை இல்லைன்னு கதவைச் சாத்தியது. அடுத்த வருஷம் சென்னை மாகாணத்திலும் வேட்டை. கம்யூனிஸ்டுகள் தலைமறைவானாங்க.

ஒளிஞ்சிருந்த வீட்டுக்கு ‘டென்’னு பேரு. ஆம்பளைங்க மட்டும் குடியிருந்தா தெருவே சந்தேகப்படும். பெண்கள் இருந்தா அது குடும்பம். அதாவது, அந்த வீட்டோட பாஸ்வேர்டே அவங்கதான். பக்கத்து வீட்டம்மா சும்மா பேச வந்தாலும் ஒரு வார்த்தை தவறக் கூடாது.

சென்னையில் அப்படி இருந்தவங்க பொன்மலை பாப்பா (பின்னாளில் பாப்பா உமாநாத்), கூடவே அவங்க அம்மா லட்சுமி. பாப்பாவுக்கு இருபதுகூட ஆகலை. நாமெல்லாம் அந்த வயசில் அம்மாகிட்ட மறைப்போம். இவங்க அம்மாவோட சேர்ந்து ஊர்கிட்ட மறைச்சாங்க. அம்மாவும் மகளும் தோழர்கள்!

1950-ல் கைது. சிறையில் உண்ணாவிரதம். அதிலேயே அம்மா இறந்துட்டாங்க. கட்சியை விட்டு விலகினா உடலைப் பார்க்கலாம்னு நிபந்தனை. ஹாலிவுட்டில், கூட இருந்தவங்க பேரைச் சொன்னா வேலை திரும்பக் கிடைக்கும். இங்கே விலை இன்னும் கொடூரம்.

பாப்பா சம்மதிக்கலை. அம்மா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கவும் முடியலை.