பிக்கப் வண்டியின் சக்கரக் கோணல்: குறை எங்கே ஒளிந்திருக்கிறது?

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளில் டயர் ஒருபக்கமாகத் தேய்வதும், ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஓரத்துக்கு இழுப்பதும், நேர்ச்சாலையில் ஓடும்போதே ஸ்டியரிங் கோணலாக நிற்பதும் அன்றாடம் காணப்படும் குறைகள். இவற்றுள் எது தென்பட்டாலும் வண்டியை நேரே வீல் அலைன்மெண்ட் கடைக்கு ஓட்டிச்சென்று, கணினித் திரையில் சிவப்பாகத் தெரியும் எண்களைப் பச்சையாக்கித் தரச் சொல்வதே பெரும்பாலோரின் வழக்கமாக இருக்கிறது. அந்த எண்கள் சக்கரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும். ஏன் விலகியது என்பதைச் சொல்லா. தேய்ந்த உறுப்பை அப்படியே விட்டுவிட்டு அளவை மட்டும் திருத்தினால், அதே டயர் அதே பக்கம் மீண்டும் தேயத் தொடங்கும் என்பதால், வாடகைக்கு ஓடிப் பிழைக்கும் ஒரு வண்டிக்காரருக்கு நோயறிதலே மருந்தைவிட முக்கியமானது.

சக்கரங்களின் நிலையை மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்தோ விரிந்தோ நிற்பது டோ எனப்படும். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு மிதிவண்டியின் முன்கவையைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாகவே நேருக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான்.

டயரைத் தின்பதில் இம்மூன்றுள் முதலிடம் டோவுக்கே உரியது. ஏறத்தாழ 700 மி.மீ. விட்டமுள்ள ஒரு சக்கரத்தில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. வேறுபாடு இருந்தால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்தச் சக்கரம் நாலு மீட்டருக்கும் சற்று அதிகமாகப் பக்கவாட்டில் விலகிச்செல்ல முயன்று, முடியாமல் சாலையில் உரசுகிறது. இந்த உரசல் டயரின் ஒவ்வொரு பட்டியையும் ஒரு விளிம்பில் மழுங்கவும் மறு விளிம்பில் கூராகவும் செய்வதால், கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டியை நிறுத்திவிட்டு, டயரின் மேற்பரப்பில் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கையைத் தேய்க்கும்போது சுரசுரப்பும், வெளியிலிருந்து உள்ளே தேய்க்கும்போது வழவழப்பும் தட்டுப்பட்டால் சக்கரங்கள் மிகையாக உள்ளே குவிந்திருக்கின்றன. உணர்வு இதற்கு நேர்மாறாக இருந்தால் வெளியே விரிந்திருக்கின்றன. கேம்பர் கெட்டிருந்தால் இத்தகைய ரம்ப விளிம்பு இல்லாமல் ஒரு தோள் மட்டும் வழவழப்பாகத் தேயும். இரு தோள்களும் தேய்ந்து நடுப்பகுதி நிமிர்ந்திருந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங்கையும் வீல் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும்.

வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்ற புகாரில் முதலில் ஐயப்பட வேண்டியவை டயரும் சாலையுமே. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்த்தப்பட்டிருப்பதால், இடப்புறம் ஓடும் வண்டி இடப்பக்கம் மெல்லச் சாய்ந்துபோவது இயல்பு. காற்றழுத்தத்தை இரு பக்கமும் சமமாக்கிய பிறகும் இழுப்பு நீடித்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்; இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரின் உள்ளமைப்பில் இருக்கிறது, அலைன்மெண்டில் இல்லை. மாறாவிட்டால் இரு பக்கக் கேம்பரும் கேஸ்டரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தின் மேற்பகுதி அதிகம் வெளியே சாய்ந்த பக்கத்துக்கும், கேஸ்டர் குறைந்த பக்கத்துக்குமே வண்டி இழுக்கும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் பிரேக்கின் குறை.

அடுத்து ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டும்போது அது நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது; நிற்காவிட்டால் சக்கரம் சுழன்று திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின்னோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் கம்பியின் முனையான டை ராடு எண்ட் பழுதாகியிருக்கக்கூடும். இந்த ஆட்டங்களைச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவையும் நம்புவதற்கில்லை, ஏனெனில் வண்டி நிற்கும்போது உள்ள நிலை ஓடும்போது இருப்பதில்லை.

இதுவரை சொன்னவை எல்லா வண்டிக்கும் பொதுவானவை. பிக்கப்பைக் காரிலிருந்து வேறுபடுத்துவது அதன் பின் அச்சு. பழுது பார்ப்பவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் இடமும் அதுவே. பின் அச்சு ஒரே இரும்புக் குழலாக, இரு பக்கமும் அடுக்கடுக்கான பட்டைகளால் ஆன ஸ்பிரிங்கின்மேல் யு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. பட்டைகளை நடுவே ஊடுருவிச் செல்லும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள துளையில் அமர்ந்து, அச்சு முன்னும் பின்னும் நகராமல் இடத்தை நிலைநிறுத்துகிறது. யு போல்ட்டுகள் தளர்ந்தால், அவை தாங்க வேண்டிய விசை முழுவதையும் இந்தச் சிறு போல்ட் ஏற்று, ஒருநாள் முறிந்துவிடுகிறது. அதன்பின் அச்சின் அந்த முனை பின்னால் தள்ளிப்போகிறது. அளவுக்கு மீறிய பாரமும் வேகத்தடைகளும் சேரும்போது இது விரைவிலேயே நிகழலாம்.

இடது முனை 10 மி.மீ. பின்னே போய்விட்டது என்று வைத்துக்கொண்டால், இரு ஸ்பிரிங்குகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும் வண்டியில் பின் அச்சு அரை பாகைக்குச் சற்று மேல் திரும்பியிருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் இப்போது இடப்பக்கம் நோக்கித் தள்ளுவதால், வண்டியை நேரே செலுத்த ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஏறத்தாழ 10 பாகை இடப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில் பின் சக்கரங்கள் தம் தடத்திலிருந்து 3 செ.மீ. இடப்புறம் விலகி ஓடும். ஈரமண்ணில் நேராக ஓட்டிவிட்டு இறங்கி, முன் சக்கரத் தடத்துக்கும் பின் சக்கரத் தடத்துக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும். முன் சக்கரங்களை மட்டும் அளக்கும் கடையில், இந்தக் கோணலான ஸ்டியரிங்கை டை ராடுகளைத் திருகி நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டியரிங் நேராகும், வண்டி கோணலாகவே ஓடும். நான்கு சக்கரங்களையும் அளந்து, பின் அச்சு தள்ளும் திசையைக் கொண்டு முன் சக்கரங்களை அமைக்கும் இயந்திரமே பிக்கப்புக்குப் பொருத்தமானது.

இயந்திரம் இல்லாமலும் இதை ஓரளவு கண்டறிய முடியும். சமதரையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் சக்கர நடு உயரத்தில், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக ஒவ்வொரு நூல் கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தொலைவை அளந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் டோவும் தனித்தனியே கிடைக்கும். பின் சக்கரங்களுள் ஒன்று உள்நோக்கியும் மற்றொன்று அதே அளவு வெளிநோக்கியும் நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அத்துடன் வண்டிக்கு அடியில் படுத்து, யு போல்ட் இருக்கையைச் சுற்றித் துருநிறப் பொடியோ, வண்ணம் போய்ப் பளபளக்கும் உரசல் தடமோ இருக்கிறதா என்று பார்ப்பது எல்லா அளவுகளையும்விட மதிப்புள்ளது.

பாரத்தின் பங்கையும் மறக்கலாகாது. வெற்று வண்டியில் எடுத்த அளவு, காய்கறி மூட்டைகளோடு ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. 3 மீட்டர் இடைவெளியுள்ள வண்டியின் பின்புறம் பாரத்தால் 75 மி.மீ. தாழ்ந்தால், வண்டியே பின்னோக்கிச் சாய்வதால் கேஸ்டர் ஏறத்தாழ 1.4 பாகை கூடிவிடுகிறது. ஆகவே எந்த நிலையில் வண்டி பெரும்பாலும் ஓடுகிறது என்பதை அளப்பவரிடம் சொல்வதும், ஒருபக்கப் பட்டை தளர்ந்து வண்டி சாய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றுவதும் அவசியம்.

எதைத் திருத்த முடியும் என்பது முன்பக்க அமைப்பைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் குட்டி யானை என்று வழங்கும் டாடா ஏஸ், 2005இல் அறிமுகமானபோதே முன்புறமும் பட்டை ஸ்பிரிங்கும் ஒரே துண்டான அச்சும் கொண்டது. இவ்வகையில் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ மட்டுமே. கேஸ்டரை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து மாற்றலாம், கேம்பர் விலகியிருந்தால் அச்சோ கிங் பின்னோ கெட்டிருக்கிறது என்று பொருள். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்குவதால், கேம்பர், கேஸ்டர் ஆகிய இரு கோணங்களையும் திருத்த வழியுண்டு.

வளைந்த அச்சைக் கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தும் பழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகிறது. எஃகுக்கு வெப்பப் பதப்படுத்தலால் வந்த உறுதி அச்சூட்டில் போய்விடுவதால், இதை எந்த நிலையிலும் ஏற்கக்கூடாது. குளிர்நிலையில் அழுத்த இயந்திரத்தில் நிமிர்த்த முடியாத அச்சை மாற்றிவிடுவதே முறை. சென்டர் போல்ட் முறிந்த இடத்தில் யு போல்ட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும்; அவற்றைத் தயாரிப்பாளர் குறித்த இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்கி, வண்டி பாரத்தோடு சில நாள் ஓடியபின் மறுபடியும் இறுக்கிய பிறகே அலைன்மெண்ட் அளவை எடுக்க வேண்டும்.