ஸ்ட்ராட்போர்டு அண்டு போ நாடாளுமன்றத் தொகுதி

ஸ்ட்ராட்போர்டு அண்டு போ என்பது ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் கிழக்கு இலண்டன் தொகுதி ஆகும். 2023 ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் உருவான இத்தொகுதி, 2024 சூலை 4 பொதுத்தேர்தலில் முதல் தேர்தலைச் சந்தித்தது.

உருவாக்கம்

மறுவரையறை விதிப்படி, ஐந்து தீவுத் தொகுதிகள் நீங்கலாக, ஒவ்வொரு தொகுதியிலும் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர்கள் இருத்தல் வேண்டும். அதாவது, ஊர்களின் வரலாற்றைவிட எண்ணிக்கைக்கே முதலிடம். கலைக்கப்பட்ட வெஸ்ட் ஹாம் தொகுதியிலிருந்து ஸ்ட்ராட்போர்டும், பெத்னல் கிரீன் அண்டு போ தொகுதியிலிருந்து போ பகுதியும் எடுத்து இணைக்கப்பட்டன. இவற்றுக்கு இடையே ஓடும் லீ ஆறு, பழைய எசெக்சு, மிடில்செக்சு மாவட்டங்களின் எல்லையாக விளங்கியது. ஆயினும் இவ்விணைப்பு முற்றிலும் புதியதன்று. போ பகுதியும் முற்காலத்தில் ஸ்ட்ராட்போர்டு என்றே வழங்கப்பட்டது. ஆற்றின் மீது வில் போல் வளைந்த பாலம் அமைந்த பின்னரே, வில் எனப் பொருள்படும் இப்பெயர் அதற்கு ஏற்பட்டது.

முதல் தேர்தல்

தொழிற்கட்சியின் உமா குமரன் 19,145 வாக்குகள் பெற்று, பசுமைக் கட்சி வேட்பாளரை 11,634 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவர் பெற்றது ஏறத்தாழ 44 விழுக்காடு மட்டுமே. அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்னும் முறையில் பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. அவரது பெற்றோர் இலங்கை உள்நாட்டுப் போரினால் புலம்பெயர்ந்த தமிழர்கள். 2015 இல் ஹாரோ கிழக்கில் போட்டியிட்டுத் தோற்றிருந்தார்.

உமா குமரனை முதல் தமிழ் உறுப்பினர் எனப் பலரும் குறிப்பிடுகின்றனர். சுவெல்லா பிரேவர்மனின் தாயார் மொரிசியசுத் தமிழ் வழியினர் என்பதால், முதல் ஈழத்தமிழ் உறுப்பினர் என்பதே பொருத்தமாகும்.