டீ கிடையாது... ஞாயிறு மேட்ச் கிடையாது... ஆனா லீக்ல இடம் உண்டு!

டீ குடிக்காம உங்களால ஒரு செமஸ்டரைத் தாண்ட முடியுமா? 'சான்ஸே இல்ல பாஸ்!'னு நீங்க அலறுறது இங்கே வரைக்கும் கேட்குது. ஆனா, டீ, காபி ரெண்டையும் தொட மாட்டேன்னு உறுதி கொடுத்தாத்தான் சீட்டுனு சொல்ற ஒரு யுனிவர்சிட்டி அமெரிக்காவில் இருக்கு. தண்ணி, தம் பற்றிக் கேட்கவே வேணாம். பசங்க தாடி வளர்க்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி செக்ஸ் கூடாது. காஃபீன் கலந்த கோலாவைக்கூட 2017-ல்தான் கேம்பஸில் விற்கவே ஆரம்பிச்சாங்க!

'ஏதோ குருகுலம் போலிருக்கு'னு நினைச்சுடாதீங்க. 1984-ல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் இவங்கதான். சொந்த ஸ்டேடியத்தில் 60,000 பேருக்கு மேல் உட்காரலாம். யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊரில் இருக்கும் பிரிகாம் யங் யுனிவர்சிட்டி. சுருக்கமா, பி.ஒய்.யூ. 1875-ல் ஆரம்பிச்சது. மார்மன்கள்னு உலகம் அழைக்கும் கிறிஸ்தவப் பிரிவின் திருச்சபைக்குச் சொந்தமானது.

இவ்வளவு பெரிய டீம், பெரிய லீக் ஒண்ணில் இடம் பிடிக்க வருஷக்கணக்கில் வாசலில் நின்ற கதைதான் இது.

கான்ஃபரன்ஸ்னா மீட்டிங் இல்லீங்க!

அமெரிக்காவில் பல யுனிவர்சிட்டிகள் சேர்ந்து ஒரு லீக் அமைச்சுக்கும். அதுக்குப் பேர்தான் கான்ஃபரன்ஸ். பிக் டென், பிக் 12, எஸ்.இ.சி., ஏ.சி.சி. இதெல்லாம் பெரிய தலைகள். தங்களுக்குள்ளேயே மேட்ச் ஆடி, டி.வி. உரிமையை மொத்தமா வித்து, காசைப் பங்கு போட்டுக்குவாங்க. எவ்வளவு காசுனு கேட்கறீங்களா? பிக் 12 லீக் 2022-ல் பேசி முடிச்ச ஆறு வருஷ டி.வி. ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 228 கோடி டாலர்னு செய்திகள் வந்தன. நல்லாப் படிங்க... டாலர்!

அதனால, உள்ளே இருந்தா ராஜா. வெளியே நின்னா, எவ்வளவு நல்லா ஆடினாலும் 'நீ யாருப்பா?'தான்.

சண்டே லீவு... ஃபைனலா இருந்தாலும்!

பி.ஒய்.யூ-வின் பெரிய சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. அன்னிக்கு ஓய்வு, வழிபாடு மட்டும்தான். மேட்ச் ஆட மாட்டாங்க. கல்லூரி ஃபுட்பால் பெரும்பாலும் சனிக்கிழமை என்பதால் அதில் தொல்லை இல்லை. ஆனா, பேஸ்பாலில் வெள்ளி, சனி, ஞாயிறுனு மூணு மேட்ச் வைக்கிறதுதான் வழக்கம். பி.ஒய்.யூ. ஆடினா அதை வியாழனில் தொடங்கணும். எதிரணிப் பசங்களுக்கு ஒரு நாள் க்ளாஸ் போச்சு!

2003-ல் ஒரு கூத்து நடந்தது. தேசிய பாஸ்கெட்பால் போட்டிக்கு அட்டவணை போட்டவங்க, பி.ஒய்.யூ. ஜெயிச்சுக்கிட்டே போனா ஞாயிறு ஆட வேண்டியிருக்கும் என்பதைக் கவனிக்காம விட்டுட்டாங்க. 'முதல் ரெண்டு ரவுண்டை ஜெயிச்சா, வேற பிரிவுக்கு மாத்திடறோம்'னு சமாளிச்சாங்க. பி.ஒய்.யூ. முதல் ரவுண்டிலேயே தோத்துப்போக, கமிட்டிக்குப் பெருமூச்சு!

2010-ல் பசிஃபிக் கடற்கரைப் பக்கத்துப் பெரிய லீக்கான பேக்-10, பக்கத்து ஊர்ப் பரம எதிரி யூட்டா யுனிவர்சிட்டியைக் கூப்பிட்டது. பி.ஒய்.யூ-வைக் கூப்பிடவில்லை. கடுப்பான பி.ஒய்.யூ., 2011-லிருந்து ஃபுட்பாலில் எந்த லீக்கிலும் சேராம தனியா ஆடியது. அப்படியே 12 சீசன் ஓடிப்போச்சு.

மூடின கதவும் திறந்த கதவும்

2016-ல் பிக் 12 லீக் புது உறுப்பினர்களைத் தேடியது. பட்டியலில் பி.ஒய்.யூ-வும் இருந்தது. அப்போதான் எதிர்ப்பு கிளம்பியது. 'ஒருபாலின ஈர்ப்புள்ள மாணவர்களைத் தண்டிக்கும் ஒழுக்க விதி இருக்கிற இடத்தைச் சேர்க்காதீங்க'னு இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் லீக்குக்குக் கடிதம் எழுதின. உறுப்பினரான அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மாணவர் பேரவையே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அக்டோபரில் லீக், 'இப்போ யாரையும் சேர்க்கலை'னு கடையைச் சாத்தியது. மற்ற விண்ணப்பங்களும் அவுட். விரிவாக்கத்தில் டி.வி. சேனல்களுக்கு ஆர்வம் இல்லாததும் ஒரு காரணம்.

ஐந்து வருஷம் கழிச்சு, 2021 ஜூலையில் பிக் 12-ன் தலையில் இடி. அதன் ரெண்டு தூண்களான டெக்சாஸும் ஓக்லஹாமாவும் எஸ்.இ.சி-க்குத் தாவுறோம்னு அறிவிச்சன. அடுத்த ரெண்டே மாசம்... செப்டம்பரில் பி.ஒய்.யூ. உள்பட நாலு யுனிவர்சிட்டிகளுக்கு அழைப்பு! 2023 ஜூலையில் பி.ஒய்.யூ. முழு உறுப்பினர். ஞாயிறு விதியில் ஒரு எழுத்துகூட மாறலை. (பேக்-12 ஆன அந்த லீக் சிதறிப்போக, 2024-ல் யூட்டாவும் பிக் 12-க்கே வந்து சேர்ந்தது. விதி வலியது!)

நான் இன்ஜினீயரிங் படிக்கிறவன். லேபில் ஒரு சர்க்யூட்டை ரெண்டு தடவை டெஸ்ட் பண்றோம். இன்புட் அதேதான், ஆனா அவுட்புட் மட்டும் மாறுதுனா, நடுவில் வேற எதுவோ மாறியிருக்குனுதானே அர்த்தம்? இங்கே பி.ஒய்.யூ. மாறலை, அதன் நம்பிக்கை மாறலை. மாறினது லீக்கின் தேவை. கூட்டம் கூட்டும் பெரிய டீம் வேணும்ங்கிற அவசரத்தில், ஞாயிறும் பிரச்னையா தெரியலை, அந்தக் கடிதங்களும் தெரியலை.

மதம்தான் தடையா?

இல்லவே இல்லை! பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பேய்லர் யுனிவர்சிட்டி, பிக் 12 ஆடத் தொடங்கிய 1996-லிருந்தே உள்ளே இருக்கு. 2016-ல், மாணவிகள் கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகார்களைச் சரியா கையாளலைனு விசாரணையில் தெரியவந்து அங்கே ஃபுட்பால் கோச்சின் வேலை போச்சு. பி.ஒய்.யூ-வுக்குக் கதவு மூடின அதே வருஷம்!

கத்தோலிக்க யுனிவர்சிட்டியான நோட்ர டாம் கதை நேர் எதிர். அந்தக் காலத்தில் பிக் டென் அதைச் சேர்க்காததுக்குக் கத்தோலிக்க வெறுப்பும் ஒரு காரணம்னு சொல்வாங்க. 1999-ல் அதே பிக் டென்னில் சேரும் வாய்ப்பு வந்தப்ப, 'வேணாம் சார்'னு இவங்க சொல்லிட்டாங்க. 1991-லிருந்தே என்.பி.சி. சேனலுடன் தனி ஒப்பந்தம் கையில் இருக்கே! 2013-லிருந்து மற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஏ.சி.சி-யில் ஆடினாலும் ஃபுட்பாலில் மட்டும் இன்னமும் தனிக்காட்டு ராஜா.

சரி, உள்ளே இருக்கிறவங்க?

பி.ஒய்.யூ-வின் பிடிவாதத்துக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். 2011-ல் தேசிய அளவில் மூணாவது இடத்தில் இருந்த பாஸ்கெட்பால் டீமிலிருந்து, ஒழுக்க விதியை மீறினார்னு ஒரு முக்கிய வீரரைப் பெரிய போட்டிக்கு முன்னாடியே நீக்கினாங்க. தோத்தாலும் பரவாயில்லை, விதி விதிதான்.

ஆனா, சல்யூட் வைக்கும்போது கை பாதியில் நிற்குது. 2020 பிப்ரவரியில், ஒருபாலின உறவுக்குத் தடை போட்ட பகுதியை பி.ஒய்.யூ. தன் விதியிலிருந்து எடுத்தது. 'அப்பாடா'னு சில மாணவர்கள் கேம்பஸில் வெளிப்படையாகக் கொண்டாடினாங்க. ரெண்டே வாரத்தில், 'வார்த்தைதான் போச்சு, அந்தக் காதலுக்கு இங்கே இடமில்லை'னு விளக்கம் வந்தது. நம்பி வெளியே சொன்ன பசங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. 2023-ல், அதாவது லீக்கில் சேர்ந்த அடுத்த மாசமே, அந்தத் தடை விதிப்புத்தகத்துக்கே திரும்பிடுச்சு.

'பிடிக்கலைனா வேற காலேஜ் போக வேண்டியதுதானே'னு சொல்றது சுலபம். பதினெட்டு வயசில், வீட்டுக்காகவோ நம்பிக்கைக்காகவோ சேர்ந்தவங்களுக்கு, தான் யார்னு புரிய வரும்போது மூணாவது வருஷம் ஆகியிருக்கும். ஜீன்ஸுக்கே ஃபைன் கட்டின நமக்கு அந்த வலியில் கொஞ்சமாவது புரியும்தானே?

ஞாயிறு ஆட மாட்டேன்னு சொன்னதுக்கு பி.ஒய்.யூ. தானே விலை கொடுத்தது. வாசலில் நின்னது, காசை இழந்தது, மேட்சையும் இழந்தது. அதுக்குப் பேர் கொள்கை. ஆனா, இன்னொரு விதிக்கு விலை கொடுக்கிறது யுனிவர்சிட்டி இல்லை, ஹாஸ்டல் ரூமில் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர். லீக்குக்கு அந்த வித்தியாசம் பற்றிக் கவலை இல்லை. அதன் கணக்கு முடிஞ்சுபோச்சு.

அயோவா ஸ்டேட்டில் தீர்மானம் போட்ட பசங்க தோத்துட்டாங்கனு சொல்லலாம். ஆனா, அன்னிக்கு ஸ்கோர் போர்டைப் பார்க்காம அந்த ஹாஸ்டல் ரூமைப் பார்த்ததில் அவங்களும் உண்டு. நீங்க அந்தப் பேரவையில் இருந்திருந்தா, எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீங்க? டீ குடிச்சுக்கிட்டே யோசிங்க பாஸ்!