சொன்னபடி திரும்பி வந்த வெடிப்பு

கண்ணாடி டம்ளரின் தடித்த அடிப்பாகத்தின் வழியாகக் குத்துவிளக்கைப் பாருங்கள். ஒரே சுடர் இரண்டாக, நான்காக, சில சமயம் வளையமாகக்கூடத் தெரியும். வானத்தில் கண்ணாடியின் வேலையை ஈர்ப்பு விசை செய்கிறது. பெருநிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்க, அவ்வழியே வரும் ஒளியும் வளைகிறது. இதுதான் ஈர்ப்பு வில்லை.

2014 நவம்பரில், ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களில் வானியலாளர் பாட்ரிக் கெல்லி நான்கு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். சிம்ம ராசித் திசையில், சுமார் 500 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரும் திரள்கொத்து ஒன்றில், ஒரு விண்மீன் திரளைச் சுற்றி அவை நின்றன. நான்கும் ஒரே சூப்பர்நோவா, அதாவது ஒரே விண்மீன் வெடிப்பு. அது வெடித்ததோ கொத்துக்கும் வெகுதூரம் பின்னால். அந்த ஒளி 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்திருந்தது.

நான்கும் ஒரே நாளில் வந்து சேரவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பாதை சற்று நீளம். இன்னொன்று ஈர்ப்பு மிகுந்த இடத்தைக் கடப்பதால் தாமதம். இந்தத் தாமதத்தை அளந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம் என்று நார்வே நாட்டு வானியலாளர் ஷூர் ரெஃப்ஸ்டால் 1964லேயே எழுதிவிட்டார். அப்போது ஒரே ஒரு ஈர்ப்பு வில்லைகூடக் கண்டறியப்பட்டிருக்கவில்லை! 2009இல் அவர் மறைந்தார். ஐந்தாண்டு கழித்துக் கிடைத்த இந்த வெடிப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கொத்தின் நிறை எங்கெங்கே குவிந்திருக்கிறது என்று கணக்கிட்ட குழுக்கள், அதே வெடிப்பு வேறோர் இடத்தில் மறுபடி தெரியும் என்றன. ஹபிள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. 2015 டிசம்பர் 11 அன்று எடுத்த படத்தில் ஐந்தாவது புள்ளி இருந்தது. சூப்பர்நோவா எங்கே, எப்போது தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது அதுவே முதல் முறை. எனக்கு இது கிரகணக் கணிப்பைவிடப் பெரிய வியப்பு.

ஐந்தாவது புள்ளியின் தாமதம் சுமார் 376 நாள். அதிலிருந்து 2023இல் விரிவு வேகம் கிடைத்தது: ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் வினாடிக்கு 65 முதல் 67 கிலோமீட்டர் வரை.

இந்தச் சூப்பர்நோவாவைக் கண்காணித்தபோது பக்கத்திலேயே இன்னொரு புள்ளி பளிச்சிட்டது. அது வெடிக்கவில்லை, தனியொரு நீல விண்மீன். இகாரஸ் என்று பெயரிட்டார்கள். அத்தனை தொலைவில் ஒற்றை விண்மீனைப் பிரித்துப் பார்ப்பது சாதாரணமாக நடவாது. ஏற்கெனவே கொத்து பெரிதாக்கிய அதன் ஒளியின் குறுக்கே, கொத்துக்குள் உலவும் ஏதோ ஒரு விண்மீன் கடந்து போக, ஒளி 2,000 மடங்குக்கு மேல் பெருகித் தெரிந்தது.