தெருக்கூத்தில் ஆர்மோனியம்

தெருக்கூத்தில் ஆர்மோனியம் என்பது, தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், குறிப்பாகத் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நிகழும் கூத்துகளில் பாட்டுக்குச் சுருதியும் துணையும் தரும் காற்றிசைக் கருவியையும் அதனை இசைக்கும் கலைஞரின் பணியையும் குறிக்கும். கூத்துக் கலைஞர்கள் இதனைப் பெட்டி என்றே அழைப்பர். ஐரோப்பாவில் தோன்றிய இக்கருவி தமிழ் நாட்டுப்புறக் கலையொன்றின் பிரிக்க இயலாத உறுப்பாக மாறியது. இசையறிஞர் பலர் இதனை ஒதுக்கிய காலத்தில் இதனை ஏற்றுக் காத்தவர்களுள் கூத்தாடிகளும் நாடகக்காரர்களும் முதன்மையானவர்கள்.

கருவியின் வரலாறு

ஆர்மோனியத்துக்கு பாரிசைச் சேர்ந்த அலெக்சாண்டர் தெபேன் 1842 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அது காலால் துருத்தியை மிதித்து இசைக்கும் பெரிய கருவியாகும். தரையில் அமர்ந்து பாடும் வழக்கமுள்ள இந்தியாவுக்கு அது பொருந்தவில்லை. 1870களில் கொல்கத்தாவின் துவாரகநாத் கோசு, கையால் துருத்தியை இயக்கும் சிறிய பெட்டியை உருவாக்கினார். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை கட்டைகளை அழுத்தும். உள்ளே பித்தளை நாக்குகள் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும்.

இதே நாக்கு முறையில் இயங்கும் உறவுக் கருவி கன்சர்டினா ஆகும். இங்கிலாந்தின் சார்லசு வீட்சுடன் வடிவமைத்த இந்தச் சிறு கைத்துருத்தி, அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் வீட்டு நடனங்களுக்குரிய கருவியாக நிலைத்தது. கில்ரசு என்னும் ஊரில் மதுக்கடை நடத்திவந்த எலிசபெத் கிராட்டி (1885–1960) என்பவரின் கன்சர்டினா இசையை, 1950களில் அந்நாட்டு வானொலி ஒலிப்பதிவு செய்து நாடறியச் செய்தது. இந்தியாவில் வானொலி செய்தது நேர்மாறானது.

வானொலித் தடை

ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒரே ஒலியை மட்டும் தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், சுரத்தை அசைத்துக் கமகம் காட்டுவதும் அதில் இயலா. தில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் பணியாற்றிய யான் பவுல்ட்சு இக்குறையைச் சுட்டி 1938 இல் எழுதினார். இரவீந்திரநாத் தாகூரும் இக்கருவியை விரும்பவில்லை. 1940 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 இல்தான் இத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் திறந்த வெளியில் விடிய விடியப் பாட வேண்டியவர்களுக்கு, வெயிலிலும் பனியிலும் சுருதி எளிதில் மாறாத ஒரு கருவி எவ்வளவு தேவை என்பது அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை எனலாம். பாடகரின் சுருதியை 'நாலு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று குறிக்கும் வழக்கு ஆர்மோனியக் கட்டைகளிலிருந்து வந்ததே. இக்கருவியைக் குறை கூறிய கருநாடக இசை உலகமும் இன்றுவரை அவ்வழக்கையே கையாள்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நாடக மேடையிலிருந்து கூத்துக் களத்துக்கு

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) காலத்து இசை நாடகங்களில் ஆர்மோனியக்காரர் நடிகருக்கு இணையான மதிப்புப் பெற்றிருந்தார். எசு. ஜி. கிட்டப்பாவுக்கு (1906–1933) அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். தெருக்கூத்தின் பழைய காற்றிசைக் கருவி முகவீணை ஆகும். நாகசுரத்தை விடச் சிறியதாகிய இது பாடகரின் குரலைக் கமகத்துடன் பின்தொடர வல்லது. ஆர்மோனியம் வந்தபின் முகவீணை குறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தொலிக்கும் குழுக்களில் பெட்டி சுருதியைத் தாங்க, முகவீணை குழைவைத் தருகிறது. பெட்டியால் இயலாததை முகவீணையே நிறைவேற்றுவதால் அவ்வமைப்பே சிறந்தது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் வழிபாட்டில் நாகசுரம், தவில், ஓதுவாரின் தேவாரம் ஆகியவையே உரியவை. அங்கு ஆர்மோனியத்துக்கு இடமில்லை. அதன் களம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் திரௌபதி அம்மன் கோயில்களாகும்.

களத்தில் பெட்டிக்காரரின் பணி

பாரத விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழும். மேளக்கட்டுடன் கூத்து தொடங்கும். இருவர் பிடித்துள்ள திரைக்குப் பின் நின்று வேடதாரி விருத்தம் பாடித் தன்னை அறிமுகம் செய்வார். பெட்டிக்காரருக்குக் கடினமான பகுதி இதுவே. விருத்தத்துக்குத் தாளம் இல்லை. எவ்விடத்தில் நீட்டுவார், எவ்விடத்தில் நிறுத்துவார் என்பது பாடுபவரின் மூச்சைப் பொறுத்தது. பெட்டிக்காரர் அரை நொடி பின்தங்கி அதே சுரங்களைத் தொட்டு, மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்ப வேண்டும். முகாரியில் புலம்பும்போது அடுத்தடுத்த கட்டைகளை விரைந்து தொட்டும் துருத்தியின் அழுத்தத்தை மாற்றியும் கமகம் போன்ற தோற்றத்தை உண்டாக்குவர்.

அருச்சுனன் தபசு இதனினும் கடுமையானது. வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பெட்டி கீழே இருக்கும். மேலே செல்லச் செல்லச் சுருதி அவர் காதுக்கு எட்டுவது அரிதாகும். ஒலிபெருக்கி வராத காலத்தில் பெட்டிக்காரர் துருத்தியை முழு வலிமையுடன் அடிக்க வேண்டியிருந்தது. இறுதி நாள் காலையில், மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் நிகழும். இரவு முழுதும் வாசித்த கை அப்போதும் ஓய்வதில்லை.

கூத்துக்காலம் பெரும்பாலும் கோடையை ஒட்டியது. மற்ற மாதங்களில் பல கலைஞர்களுக்கு உழவோ கூலி வேலையோதான் வாழ்வு. பெட்டியின் பழுதையும் அவர்களே நீக்கிக்கொள்வதுண்டு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். சற்றே மிகையாகச் சுரண்டினால் நாக்கு வீணாகும்.

புரிசை

1989 இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு அருகிலுள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊராகும். இவ்வூர் நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்ட எழுத்தாளர் ந. முத்துசாமி (1936–2018), அதன் தாக்கத்தால் 1977 இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரானும் அவர் மகன் சம்பந்தனும் இம்மரபைத் தொடர்ந்தனர். ஆய்வாளர்களின் எழுத்துகளில் வேடதாரிகளின் பெயர்கள் இவ்வாறு பதிவாகியுள்ள அளவுக்குப் பெட்டிக்காரர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. சில குழுக்களில் ஆர்மோனியத்தின் இடத்தை மின்னணு விசைப்பலகை பிடித்துள்ளது. அதற்குத் துருத்தி இல்லை. ஆகவே பாடுபவரின் மூச்சுக்கேற்பக் கையால் காற்றை ஏற்றி இறக்கும் அந்தப் பழைய உத்தி அதில் பயன்படுவதில்லை.