மோட்டார் வண்டியின் செவ்விளக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய பழைய கார்கள் நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. 1990க்குப் பின் எரிபொருட் தடை நிலவிய ஆண்டுகளில் அவை மண்ணெண்ணெயிலும் ஓடியதை மூத்தோர் மறந்திரார். பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வந்த கார், திறப்பை முறுக்கியதும் ‘டிக்’ என்ற ஓர் ஒலியோடு ஓய்ந்து விடுமாயின் அவ்வீட்டார் படும் பாடு சொல்லுந்தரமன்று. மறுநாட் காலையில் சாரதி செய்வது பெரும்பாலும் ஒன்றே. கடன்பட்டேனும் புதிய பற்றரி ஒன்றை வாங்கிப் பூட்டுவார். சில நாளில் அதுவும் ஓய்ந்துவிடும். பற்றரிக்கு மின்னூட்டும் உறுப்புகளிலே குற்றம் இருக்க, பற்றரியை மாற்றி ஆவதென்ன?

தோட்டத்துத் தொட்டியை நினைத்துக்கொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். பற்றரி தொட்டி போன்றது, தானாக ஊறுவதன்று. எஞ்சினாற் சுழற்றப்படும் தைனமோவே அதற்கு நீர் இறைப்பது. எஞ்சினை முடுக்கும் மோட்டார் ஒரு சில விநாடிகளில் நூறு அம்பியருக்கு மேலும் இழுத்துவிடும். மொறிஸ் மைனரில் இருந்த லூக்காஸ் தைனமோவோ, கூடியபட்சம் இருபது அம்பியர் அளவிலேயே தரவல்லது. இரவில் முன்விளக்குகளை எரியவிட்டு, அடிக்கடி நின்று நின்று ஓடும் வாடகைக்காருக்கு வரவு குறைவு, செலவு அதிகம்.

தைனமோவுக்கும் பற்றரிக்கும் இடையே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அதனுள் இரண்டு வேலைக்காரர் உளர். ஒன்று, வோல்ற்றளவு மிகாமற் காக்கும் சீராக்கி. மற்றது ‘கட்-அவுட்’ எனப்படும் தொடுப்பு. தைனமோவின் வோல்ற்றளவு ஏறத்தாழ பதின்மூன்றை எட்டியதும் இது மூடிப் பற்றரிக்கு வழிவிடும்; எஞ்சின் ஓய்ந்ததும் திறந்து, பற்றரியின் மின்சாரம் தைனமோவுக்குட் பின்னோக்கிப் பாயாது தடுக்கும்.

இனிச் செவ்விளக்கைப் பார்ப்போம். மின்னூட்டம் நடைபெறுவதைக் காட்டும் விளக்கு இதுவெனப் பலர் கருதுவர். அது சரியன்று. இதன் ஒரு முனை பற்றரியையும் மறுமுனை தைனமோவையும் நோக்கியிருக்கிறது. இரு பக்கத்து வோல்ற்றளவும் சமமானால் விளக்கு அணையும், வேறுபட்டால் எரியும். ஆகவே, திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஓடுமுன் அது எரியத்தான் வேண்டும். எரியாவிட்டால் குமிழே கெட்டிருக்கலாம்; கெட்ட குமிழோடு ஓடும் சாரதி, எல்லாம் நலமென்று நம்பிக் கொண்டிருப்பார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பழைய கார்களில் அது மினுங்குவது இயல்பு. வேகம் கூடிய பின்னும் மங்கலாக எரிந்தால், பெல்ற் வழுக்குகிறது அல்லது தொடுப்புகளில் அழுக்குப் படிந்துள்ளது என ஐயுறலாம். ஓடும் வழியில் திடீரெனப் பிரகாசமாக எரிந்து, எஞ்சினின் சூடும் ஏறுமாயின், வண்டியை உடனே நிறுத்துக. பெல்ற் அறுந்திருக்கும். தைனமோவைச் சுழற்றுவதும் நீர்ப்பம்பியைச் சுழற்றுவதும் அந்த ஒரே பெல்ற்றே.

சோதனையைச் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே முறை. பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு தாழலாம்; தொய்ந்து கிடத்தல் ஆகாது. பற்றரி முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, இறுக்கிப் பூட்ட வேண்டும். வியப்பென்னவெனில், கராச்சுக்கு இழுத்து வரப்படும் வண்டிகளிற் பல இந்த இரண்டோடு குணமாகிவிடும்.

அதற்கும் அடங்காவிடின் வோல்ற்றுமானி வேண்டும். சில மணிநேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ற்றளவு காட்டும். பன்னிரண்டுக்குக் கீழ் எனின் அது வெறுமையை அணுகிவிட்டது. அடுத்து, எஞ்சினை நிறுத்தித் தைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அவை பூட்டியிருந்த இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அவ்விணைப்புக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே வோல்ற்றுமானியை வைக்க வேண்டும். எஞ்சினின் வேகத்தை மெல்ல நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றளவுக்கு உயர்த்துக. வோல்ற்றளவு இருபதைத் தாண்ட விடலாகாது. தடையின்றி ஏறினால் தைனமோவிற் குற்றமில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ கம்பிகளிலோ தேடுக. முள் அசையவே இல்லையெனின் காபன் தூரிகைகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கும். அரை முதல் ஒரு வோல்ற்று வரை மட்டும் காட்டினால் காந்த மண்டலச் சுருளையும், நான்கு ஐந்தோடு நின்றால் ஆமேச்சரையும் ஐயுறுக. தூரிகை சொற்ப விலை, ஆமேச்சர் அப்படியன்று. எதை வாங்குவதென்பதை இந்த ஐந்து நிமிடச் சோதனை சொல்லிவிடுகிறது.

பகலெல்லாம் நன்றாக ஓடிய வண்டி விடியலில் உயிரற்றுக் கிடக்குமாயின் கதை வேறு. கட்-அவுட்டின் தொடுப்புகள் உருகி ஒட்டிக்கொண்டால் பற்றரி இரவு முழுவதும் தைனமோவுக்குள் வடிந்துகொண்டிருக்கும். கம்பிகள் சுட்டுத் தீப்பற்றவும் கூடும். எஞ்சினை நிறுத்திய பின் தைனமோ சூடேறுவது தெரிந்தால், வேறொன்றும் பாராது பற்றரிக் கம்பியை முதலிற் கழற்றிவிட வேண்டும்.

1960ஆம் ஆண்டு கிறைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ற் காரோடு ஒல்ற்றனேற்றர் பரவத் தொடங்கியது. பின்னர் வந்த கார்களில் அதுவே தைனமோவின் இடத்தைப் பிடித்தது. மெதுவான ஓட்டத்திலும் அது மின்னூட்டும். எஞ்சின் ஓடுகையிற் பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ற்று வரை இருப்பது நலம். பதினைந்தைத் தாண்டினாற் பற்றரியின் நீர் கொதித்து வற்றும். பழைய கைகாரர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு: எஞ்சின் ஓடும்போதே பற்றரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் தைனமோ நலமென்பர். ஒல்ற்றனேற்றர் உள்ள காரில் இதைச் செய்தால் திடீரென எழும் மிகை வோல்ற்றளவு அதன் இருவாயிகளைக் கணத்திற் சிதைத்துவிடும். நல்ல நிலையில் வந்த வண்டி கெட்டுத் திரும்பும்.