எதை எடுத்தாலும் பத்து சென்ட்! - அமெரிக்கர்கள் இன்றும் ஏங்கும் சில்லறைக் காசுக் கடைகள்

அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் 'வூல்வொர்த்' என்று சொல்லிப் பாருங்கள். கிறீச்சிடும் மரத்தரை, மிட்டாயும் வறுத்த கடலையும் கலந்த வாசனை, தொட்டியில் நீந்தும் தங்கமீன்கள், சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்து குடித்த மில்க் ஷேக் என வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கடைகள் அங்கே மூடப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஏக்கம் மட்டும் இன்னும் குறையவில்லை.

'ஃபைவ் அண்ட் டைம்'... இந்த வகைக் கடைகளுக்கு மக்கள் வைத்த பெயர் இதுதான். அமெரிக்காவில் 5 சென்ட் நாணயத்தை 'நிக்கல்' என்றும், 10 சென்ட் நாணயத்தை 'டைம்' என்றும் சொல்வார்கள். இந்த இரண்டில் ஒன்று கையில் இருந்தால் போதும். ஊசி, நூல், பொத்தான், சீப்பு, ரிப்பன், தட்டு, டம்ளர், பென்சில், பொம்மை, மிட்டாய் என எதை எடுத்தாலும் 5 சென்ட் அல்லது 10 சென்ட்தான்!

விலை மலிவான கடைகள் இன்றும் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. பிறகு ஏன் அந்தப் பழைய கடைகளை நினைத்து இத்தனை ஏக்கம்? அவற்றின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. கூடவே, அந்த இனிய நினைவுகளில் எல்லோருக்கும் பங்கு இருந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது.

ஒரு மேஜையில் தொடங்கிய கதை

நியூயார்க் மாநிலத்தில், விவசாயக் குடும்பம் ஒன்றில் 1852-ம் ஆண்டு பிறந்தவர் ஃபிராங்க் வின்ஃபீல்ட் வூல்வொர்த். பண்ணை வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மூன்று மாதங்களுக்குச் சம்பளமே கிடையாது.

1878-ம் ஆண்டு அந்தக் கடையில் ஒரு மேஜை போட்டு, சில்லறைச் சாமான்களைப் பரப்பி, 'எதை எடுத்தாலும் 5 சென்ட்' என்று எழுதி வைத்தார்கள். சாமான்கள் மளமளவென விற்றுத் தீர்ந்தன. 'ஒரு மேஜையே இப்படி விற்றால், ஒரு கடை முழுக்க இப்படி இருந்தால் என்ன?' என்று யோசித்தார் வூல்வொர்த்.

முதலாளியிடம் சுமார் 300 டாலர் மதிப்புள்ள சரக்கைக் கடனாக வாங்கிக்கொண்டு, 1879 பிப்ரவரியில் யூட்டிகா நகரத்தில் கடை திறந்தார். சில மாதங்களிலேயே அதை மூட வேண்டியதாயிற்று. ஆனாலும் மனிதர் அசரவில்லை. அதே ஆண்டு ஜூன் 21 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டரில் மீண்டும் கடை விரித்தார். முதல் நாள் விற்பனை 127 டாலரைத் தாண்டியது. எல்லாமே 5 சென்ட் பொருள்கள் என்று கணக்குப் போட்டால், ஒரே நாளில் 2,500-க்கும் அதிகமான பொருள்கள் விற்றிருக்கின்றன! விரைவிலேயே 10 சென்ட் பொருள்களும் கடைக்குள் வந்து சேர்ந்தன.

கூச்சமில்லாமல் தொட்டுப் பார்க்கலாம்

அந்தக் காலத்துக் கடைகளில் சரக்கெல்லாம் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் இருக்கும். வேண்டியதைச் சொன்னால்தான் எடுத்துக் காட்டுவார். விலையையும் அவர் வாயிலிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு அது தர்மசங்கடம். எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, 'வேண்டாம்' என்று எப்படித் திரும்புவது?

ஃபைவ் அண்ட் டைம் கடைகள் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தன. நீளமான மேஜைகளில், தடுப்புகள் வைத்துப் பிரித்து, பொருள்களைக் கண்ணெதிரே பரப்பி வைத்தார்கள். விலை எழுதியிருக்கும். தொட்டுப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு நகரலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாரம் முழுக்கச் சேர்த்த ஒற்றைக் காசோடு வரும் சிறுவனும் அங்கே வாடிக்கையாளர்தான். அந்த ஒரு காசை எதற்குச் செலவழிப்பது என்று அரை மணி நேரம் யோசிக்கும் சுதந்திரமும் அவனுக்கு இருந்தது.

பணக்கார வீடுகளில் மட்டும் இருந்த சில அழகுப் பொருள்களையும் இந்தக் கடைகள் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு போயின. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகள் அதற்கு நல்ல உதாரணம். 1880-ல் ஒரு மொத்த வியாபாரி இவற்றைக் காட்டியபோது, 'இதை யார் வாங்குவார்கள்?' என்று தயங்கினாராம் வூல்வொர்த். கட்டாயத்தின் பேரில் 25 டாலருக்குச் சரக்கு எடுத்தார். இரண்டே நாளில் அத்தனையும் காலி! பிறகு ஜெர்மனியிலிருந்து மொத்தமாகவே தருவிக்க ஆரம்பித்தார்.

போகப்போக கடைக்குள்ளேயே சாப்பாட்டு கவுன்டரும் வந்தது. நீண்ட மேடை, அதன் முன்னால் வரிசையாகச் சுழலும் ஸ்டூல்கள். சாண்ட்விச், காபி, ஆப்பிள் பை எல்லாம் கிடைக்கும். கடைத்தெருவுக்கு வந்தவர்கள் கால் ஆற உட்காரும் இடம் அது.

சில்லறைக் காசில் எழுந்த 792 அடி

1912-ம் ஆண்டு வூல்வொர்த் தன் சகோதரரும் பழைய கூட்டாளிகளும் தனித்தனியாக நடத்திவந்த கடைகளைத் தன் கடைகளோடு இணைத்தார். மொத்தம் 596 கடைகள். அடுத்த ஆண்டு நியூயார்க் நகரில் வூல்வொர்த் கட்டடம் திறக்கப்பட்டது. உயரம் 792 அடி. 1930 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். ஆன செலவு 1 கோடியே 35 லட்சம் டாலர். அவ்வளவையும் கடன் வாங்காமல் ரொக்கமாகவே கொடுத்தார் வூல்வொர்த். அந்தக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில், அவர் காசுகளை எண்ணுவது போன்ற ஒரு குட்டிச் சிற்பம் இன்றும் இருக்கிறது.

10 சென்ட் பொருளில் இவ்வளவு லாபம் எப்படி வந்தது? தொழிற்சாலைகளிடம் நேரடியாக, மொத்தமாகக் கொள்முதல் செய்தது ஒரு காரணம். கடையில் நின்ற பெண்களுக்குக் கொடுத்த குறைந்த சம்பளம் இன்னொரு காரணம். பொருளும் விலையும் கண்ணெதிரே இருந்ததால், அனுபவம் வாய்ந்த விற்பனையாளர்கள் தேவைப்படவில்லை. இளம் பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள்.

1937 பிப்ரவரியில் டெட்ராய்ட் கடையில் வேலை பார்த்த நூற்றுக்கும் அதிகமான பெண்கள், கடைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்துத் தூங்கி, ஒரு வாரம் வெளியே வரவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது. அவர்கள் வென்ற சம்பள உயர்வு எவ்வளவு தெரியுமா? மணிக்கு 5 சென்ட். அந்தக் கடையில் ஒரு பொருளின் விலை!

வாங்கலாம்... உட்காரக் கூடாது!

இனிய நினைவுகளில் பலரும் சொல்லாமல் தாண்டிப்போகும் பக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் இந்தக் கடைகளுக்குள் வரலாம். சோப்பு வாங்கலாம், நோட்டுப் புத்தகம் வாங்கலாம். அவர்களின் காசு செல்லும். ஆனால் சாப்பாட்டு கவுன்டரின் ஸ்டூலில் மட்டும் உட்காரக் கூடாது.

1960 பிப்ரவரி 1. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரம். எஸெல் பிளேர் ஜூனியர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்னீல், டேவிட் ரிச்மண்ட் என்ற நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வூல்வொர்த் கடைக்குள் நுழைந்தார்கள். முதலில் சில சில்லறைச் சாமான்களை வாங்கி, ரசீதையும் பெற்றுக்கொண்டார்கள். பிறகு நேராகப் போய் சாப்பாட்டு கவுன்டரில் அமர்ந்து காபி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள். 'அந்த கவுன்டரில் எங்கள் காசை வாங்கினீர்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது?' என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ரசீது எழுப்பிய கேள்வி. கடை மூடும் வரை நால்வரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில நாள்களில் அது நூற்றுக்கணக்கானோர் பங்கேற்ற போராட்டமாகி, மற்ற ஊர்களுக்கும் பரவியது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று கிரீன்ஸ்பரோ கடை பணிந்தது. அன்று அந்த கவுன்டரில் முதலில் உணவு பரிமாறப்பட்டது, அதே கடையில் வேலை பார்த்துவந்த கறுப்பின ஊழியர்களுக்கு. அதுவரை அவர்கள் தங்களால் உட்கார முடியாத ஒரு மேடைக்குப் பின்னால் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஆண்டில் மூன்று போட்டியாளர்கள்

போகப்போக, 10 சென்ட் வரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. 1932-ல் அதை 20 சென்ட் ஆக்கினார்கள். 1935-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் மக்கள் நாவில் 'ஃபைவ் அண்ட் டைம்' என்றே நிலைத்தது.

பெரிய அடி விழுந்தது 1962-ல். கேமார்ட், டார்கெட், வால்மார்ட் மூன்றும் முதல் கடையைத் திறந்தது அந்த ஒரே ஆண்டில்தான். கேமார்ட்டைத் தொடங்கிய கிரெஸ்கி நிறுவனம் அதற்கு முன் நடத்தியது ஃபைவ் அண்ட் டைம் கடைகளைத்தான். வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும் 1945-ல் தொழில் பழகியது 'பென் ஃபிராங்க்ளின்' என்ற சில்லறைக் கடையில். வீட்டுப் பிள்ளைகளே போட்டிக்கு வந்த கதை!

மக்கள் கார் வாங்கி, புறநகர்களுக்குக் குடிபோனார்கள். பெரிய பார்க்கிங் வசதியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கடைகளுக்கு வியாபாரம் போனது. நடந்து போய் வாங்கிய ஊர் நடுத்தெருக் கடைகள் வெறிச்சோடின. 1997 மார்ச்சில் புகழ்பெற்ற டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து வூல்வொர்த் வெளியேறியது, வால்மார்ட் உள்ளே வந்தது. அதே ஆண்டு ஜூலையில், எஞ்சியிருந்த 400-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது வூல்வொர்த். விளையாட்டுக் காலணிகள் விற்கும் 'ஃபுட் லாக்கர்' நிறுவனமாக அது மாறிவிட்டது.

1909-ல் லிவர்பூலில் தொடங்கிய பிரிட்டிஷ் வூல்வொர்த்ஸும் தப்பவில்லை. 807 கடைகளும் 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் மூடப்பட்டன. சுமார் 27,000 பேர் வேலை இழந்தார்கள். அங்கே குழந்தைகள் தாங்களே அள்ளிப் போட்டுக்கொள்ளும் கலவை மிட்டாய் பிரபலம். கடைசியாக நிரப்பப்பட்ட ஒரு மிட்டாய்ப் பை, இணைய ஏலத்தில் 14,500 பவுண்டுக்குப் போனது!

எதற்காக இந்த ஏக்கம்?

இன்றைய அமெரிக்காவில் 'டாலர் ஸ்டோர்'கள்தான் மலிவு விலைக் கடைகள். டாலர் ஜெனரல் என்ற ஒரு நிறுவனத்துக்கே 20,000-க்கும் அதிகமான கடைகள். ஆனால் அவற்றை யாரும் இப்படிக் கொண்டாடுவதில்லை. அவசரமாக நுழைந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் இடங்களாகவே அவை இருக்கின்றன.

விலை மலிவைத் தாண்டி, ஃபைவ் அண்ட் டைம் கடைகள் கொடுத்தது மரியாதை. கையில் இருப்பது ஒற்றைக் காசு என்றாலும் உள்ளே வரலாம், நிதானமாகப் பார்க்கலாம், களைத்தால் உட்காரலாம். மக்கள் தேடுவது அதைத்தான். அதனால்தான் கிரீன்ஸ்பரோ போராட்டமும் அந்தக் கடையிலேயே நடந்தது. 'எல்லோருக்குமான கடை' என்று சொல்லிக்கொண்ட இடத்தில் 'எல்லோரும்' என்றால் யார் என்று அந்த மாணவர்கள் கேட்டார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் அரோராவில் 1930-ல் தொடங்கிய 'விட்லர்ஸ் 5 அண்ட் 10' கடை இன்றும் நடக்கிறது. மரத்தரையில் நடந்து பார்ப்பதற்காகவே வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பென்டன்வில் ஊரில் சாம் வால்டனின் பழைய 5 அண்ட் 10 கடை இப்போது வால்மார்ட் அருங்காட்சியகம்.

கிரீன்ஸ்பரோ கடையும் 2010-லிருந்து குடிமை உரிமைகளுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் சாப்பாட்டு கவுன்டரின் ஒரு பகுதியும் சில ஸ்டூல்களும் வாஷிங்டனில், அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் தாத்தா, பாட்டிகளில் சிலருக்கு அது மில்க் ஷேக் குடித்த இடம். வேறு சிலருக்கு, ஒரு காபிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்த இடம். இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் குழந்தைகளுக்கு அந்தக் கடை முழுதாகப் புரியும்.